சென்னையிலிருந்து ஒரு நாள்: சூலூர்பேட்டைப் பூநாரைச் சாலைக்கும் நேலப்பட்டு ஏரிக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையிலிருக்கும் உறவினர்கள் எங்களிடம் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "பறவை வந்துவிட்டதா?" என்பதுதான். ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சூலூர்பேட்டையில் வீட்டுக்குள் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாக வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வரும். வருபவர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவதும் எங்கள் பொறுப்பாகவே ஆகிவிட்டது. ஆனால் எங்களிடம் கேட்காமல் தாங்களாகவே புறப்பட்டு வருகிறவர்களில் பலர், காலை பதினொரு மணிக்கு ஸ்ரீஹரிகோட்டா சாலையில் வந்து நின்று, கானலில் நடுங்கும் சில வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று சலித்தபடி திரும்பிப் போவதை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். இடத்தில் குறை ஒன்றும் இல்லை; அவர்கள் வந்த நேரம்தான் தவறு. ஒரே நாளில் ஐந்தாறு இடங்களைத் திணிக்காமல், இரண்டே இடங்களை அவற்றுக்குரிய நேரத்தில் பார்ப்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பார்க்கப்போகும் இடங்கள்

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது பழவேற்காடு ஏரி. பெயர் தமிழ்நாட்டு ஊரின் பெயராக இருந்தாலும் ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரங்களின் வழியாகக் கடல்நீர் உள்ளே வர, இரண்டும் கலந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு இது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளவாக்கில் கிடக்கிறது. விண்வெளி மையத்துக்காகச் சூலூர்பேட்டையிலிருந்து அந்தத் தீவுக்குப் போடப்பட்ட, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை ஏரியின் ஊடாகவே செல்கிறது. வண்டியை விட்டு இறங்கினால் இருபுறமும் நீர். அந்த நீரில்தான் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) நிற்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பூநாரைச் சாலை என்றே சொல்வார்கள்.

இரண்டாவது இடம் நேலப்பட்டு. சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில், தொரவாரிசத்திரத்துக்கு அருகே, தேசிய நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் இந்தச் சிறிய நன்னீர் ஏரி 1976-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீருக்குள்ளேயே நின்று வளரும் கடப்ப மரங்களில் கூழைக்கடாக்கள் (பெலிகன்) கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சுகளுக்கு வேண்டிய மீனுக்காகத் தாய்ப்பறவைகள் பழவேற்காடு ஏரிக்குப் பறந்து போய் வருகின்றன. ஆகவே நேலப்பட்டு அவற்றுக்கு வீடு என்றால், பழவேற்காடு ஏரி அடுப்படி. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்போதுதான் இந்தத் தொடர்பு கண்ணுக்குப் புலப்படும்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

பயணம் இனிக்குமா கசக்குமா என்பது பெரும்பாலும் தேதியைக் குறிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. நேலப்பட்டு ஏரி நிரம்பினால்தான் கூழைக்கடாக்கள் கூடு கட்டத் துணியும், ஏனென்றால் மரத்தைச் சுற்றியுள்ள நீர்தான் பூனை, நரி போன்றவற்றிடமிருந்து கூட்டுக்குக் கிடைக்கும் காவல். பூநாரைக்கோ நேர்மாறான தேவை இருக்கிறது. அது காலூன்றி நின்று இரை தேடும் பறவையாதலால், புயல் மழைக்குப் பிறகு ஏரியில் நீர் அதிக ஆழமாக நிற்கும் வாரங்களில் சாலையோரத்தில் நிற்காது. ஆழம் குறைந்த வேறு பகுதிகளுக்கு விலகிவிடும். மழை ஓய்ந்து, நீர் மெல்ல வடியத் தொடங்கும் நாட்களே அதற்கு உகந்தவை. இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் காலம், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. மார்ச் மாதத்திலும் பார்க்கலாம் என்றாலும் வெயில் ஏறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஏரியின் வடபகுதி பல இடங்களில் வெடித்த சேறாகக் கிடக்கும். பருவமழை பொய்த்த ஆண்டில் இந்தப் பயணத்தையே தள்ளிப்போடுவது நல்லது.

தேதியைக் குறிக்கும்போது இன்னும் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, ராக்கெட் ஏவும் நாள். அன்று ஸ்ரீஹரிகோட்டா சாலையில் காவல் கெடுபிடி மிகுதியாக இருக்கும். முன்பதிவு செய்துகொண்டு ஏவுதலைப் பார்க்க வருகிறவர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பறவை பார்ப்பதற்கு உரிய நாள் அதுவல்ல. இஸ்ரோ முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் தவிர்ப்பது எளிது. இரண்டாவது, சூலூர்பேட்டையில் குளிர்காலத்தில் நடக்கும் ஃபிளமிங்கோ திருவிழா. எங்கள் ஊர் மகிழ்ந்து கொண்டாடும் விழா அது. ஆட்டமும் பாட்டும் கடைகளுமாகக் களைகட்டும். குடும்பத்தோடு விழாவுக்காகவே வருவதென்றால் தாராளமாக வாருங்கள். பறவைதான் நோக்கம் என்றால் விழாவுக்கு முந்திய அல்லது பிந்திய வாரத்தில், ஞாயிறாக இல்லாத ஒரு நாளில் வாருங்கள்.

வந்து சேரும் வழி

சென்னையிலிருந்து சூலூர்பேட்டை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். காரில் வருபவர்கள் செங்குன்றம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையிலேயே நேராக வந்துவிடலாம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஆறரை மணியையொட்டி உதிக்கிறது. அந்நேரத்தில் நீங்கள் ஏரியில் இருக்க வேண்டும் என்றால் வீட்டை விட்டு நான்கு மணிக்கே புறப்பட்டாக வேண்டும். கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் சில நாட்களில் பனிமூட்டம் கனமாக இறங்கும். சாலையோரத்தில் விளக்கில்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் லாரிகள்தான் இந்தப் பாதையின் பெரிய ஆபத்து. ஆகவே வேகத்தைக் குறைத்து, ஓரத் தடத்தை விட்டு விலகியே வாருங்கள். இருசக்கர வாகனத்தில் இந்த நேரத்தில் வருவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஃபாஸ்டேக்கில் போதிய தொகை இருக்கட்டும். மாநில எல்லையில் சோதனை நடக்கக்கூடும் என்பதால் வண்டியின் ஆவணங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வாடகைக் காராக இருந்தால், ஆந்திராவுக்கான பெர்மிட் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதல்நாளே ஓட்டுநரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை எங்கள் சித்தப்பா குடும்பம் இதைக் கேட்காமல் புறப்பட்டு, எல்லையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்து நின்றது. அவர்கள் வந்து சேர்ந்தபோது காலை வெளிச்சம் போய்விட்டிருந்தது.

ரயிலில் வர விரும்புகிறவர்களுக்குச் சென்னை சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து சூலூர்பேட்டை வரை புறநகர் ரயில்கள் உண்டு. கட்டணம் மிகக் குறைவு. பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். பெரும்பாலான ரயில்கள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகின்றன என்பதால், சூலூர்பேட்டை வரை வரும் வண்டி எது என்பதையும், அதைவிட முக்கியமாக மாலையில் திரும்பும் வண்டிகள் எவை என்பதையும் முதல்நாள் இரவே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்கள் நிற்கும். "ஏரிச் சாலைக்குப் போய், நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பிறகு நேலப்பட்டு போய், மாலையில் நிலையத்தில் விட வேண்டும்" என்று முழு நாளுக்கும் சேர்த்துப் பேசி, காத்திருப்பையும் உள்ளடக்கிய தொகையை ஏறும் முன்பே முடிவு செய்துகொள்வது இருவருக்கும் நல்லது. எங்கள் ஊரில் தமிழ் பேசினாலே போதும், புரிந்துகொள்வார்கள். ஆனாலும் "அன்னா, எந்த?" என்று விலை கேட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் "ஆகண்டி" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்து, நின்று பார்க்க இன்னும் நல்ல இடம் எதுவென்று அவர்களே காட்டுவார்கள். தண்ணீருக்கு "நீள்ளு", போதும் என்பதற்கு "சாலு". இவ்வளவு தெரிந்தால் நாள் ஓடிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

எட்டு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு பைனாகுலர், நான்கு பேருக்கு ஒன்றாவது கட்டாயம். அது இல்லாமல் வருவதானால் பயணச் செலவில் பாதி வீண். தொப்பி, தலைக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், கொசு விரட்டி, பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலி, நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறைப் பணம், குப்பையைத் திரும்பக் கொண்டுபோக ஒரு துணிப்பை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடை பழுப்பு, பச்சை, சாம்பல் போன்ற மங்கிய நிறங்களில் இருக்கட்டும். ஏரிச் சாலையில் கழிப்பறை வசதியை எதிர்பார்க்க முடியாது என்பதால், நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் முன் பெட்ரோல் பங்க்கிலோ சூலூர்பேட்டையிலோ அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பெண்களும் குழந்தைகளும் உடன் வந்தால் இதை ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

விடியற்காலை: ஏரிச் சாலை

முதலில் வர வேண்டிய இடம் இதுதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்பதரை மணிக்கு மேல் வெயில் ஏற ஏற, ஆழமற்ற நீரிலிருந்தும் ஈரச் சேற்றிலிருந்தும் கானல் எழும். முந்நூறு மீட்டர் தொலைவிலுள்ள பறவை பைனாகுலரில்கூட உருகி ஓடுவதுபோல் தெரியும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கேமரா வைத்திருந்தாலும் பயனில்லை.

சாலை மேற்கிலிருந்து கிழக்காகச் செல்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் உதித்து நாள் முழுவதும் வானத்தின் தென்பக்கமாகவே நகர்வதால், சாலையின் வடபுறத்தில் நிற்கும் பறவைகள் மீதே வெளிச்சம் நேராக விழும். தென்புறத்துப் பறவைகள் வெறும் கருநிழலாகத் தெரியும். ஆகவே போகும்போது உங்கள் இடக்கைப் பக்கத்தையே அதிகம் பாருங்கள். ஒரே இடத்தில் நின்றுவிடாமல், இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, பைனாகுலரால் நீர்விளிம்பை வலமிருந்து இடமாக மெதுவாகத் துழாவி, பெரிய கூட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். விண்வெளி மையத்துக்குச் செல்லும் பேருந்துகளும் வாகனங்களும் காலை நேரத்தில் வேகமாக வரும். வண்டியைத் தார்ச்சாலையை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்துங்கள், குழந்தைகளைச் சாலையைக் குறுக்காகக் கடக்க விடாதீர்கள். வழியில் இருக்கும் அட்டகானிதிப்பாவில் உள்ள பார்வைக் கோபுரம் மேலிருந்து ஏரியின் விரிவைப் பார்க்க ஏற்றது. அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் நுழைய முடியாது; சோதனைச் சாவடிக்கு முன்பாகவே திரும்பிவிடுங்கள். ட்ரோனைப் பையிலிருந்து வெளியே எடுக்கவும் கூடாது.

கூட்டத்தைக் கண்டுபிடித்த பிறகு ஒரே ஒரு பூநாரையைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடம் அதை மட்டும் பாருங்கள். நீண்ட கழுத்தைத் தொங்கவிட்டு, தலையை முற்றிலும் தலைகீழாகத் திருப்பி, அலகின் மேற்பகுதி சேற்றைத் தொடும்படி வைத்துக்கொண்டு, இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதித்துத் தரையைக் கலக்கும். நின்ற இடத்திலேயே வட்டமிடுவதும் உண்டு. கலங்கி எழும் நீரை நாக்கினால் உள்ளே இழுத்து வெளியே தள்ளும்போது, அலகின் உட்புறச் சல்லடையில் நுண்பாசிகளும் சிற்றிறால்களும் பூச்சிகளும் தங்கிவிடுகின்றன. அந்த இரையிலுள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. கூட்டத்தின் ஓரத்தில் சாம்பலும் அழுக்கு வெள்ளையுமாக நிற்பவற்றை வேறு இனம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை இன்னும் நிறம் ஏறாத இளம் பூநாரைகள். குஜராத்தின் கட்ச் உவர்நிலம் போன்ற இடங்களில் பிறந்து, இரை தேடி இவ்வளவு தூரம் வந்தவை. அவற்றோடு ஊசிவால் வாத்துகளும், கடற்காகங்களும், ஆலாக்களும், வலைக்கம்புகளின் மேல் உட்கார்ந்து சிறகு உலர்த்தும் நீர்க்காகங்களும் கண்ணில் படும்.

இங்கே ஒரு கட்டுப்பாடு மிக அவசியம். பறவைகள் பறப்பதைப் படமெடுப்பதற்காகக் கை தட்டுவதும், கல் எறிவதும், ஹாரன் அடிப்பதும் நாள்தோறும் நடக்கிறது. வெகுதூரப் பயணத்துக்காக உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வந்த பறவையை ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அது உண்ட இரை வீணாகிறது. தொடர்ந்து தொல்லைப்பட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடும். பொறுத்திருங்கள், கூட்டம் தானாகவே இடம் மாறும்போது சிறகின் அடியிலுள்ள செந்நிறமும் கருப்பும் ஒருசேர விரிவதைப் பார்ப்பீர்கள்.

நெருங்கிப் பார்க்கலாம் என்று ஏரிக்குள் இறங்கவே கூடாது. மேலே காய்ந்து தரைபோல் தெரியும் சேற்றுக்கு அடியில் களி இருக்கிறது. என் அத்தை மகன் இருபது அடி கூட நடந்திருக்க மாட்டான். முழங்கால் வரை புதைந்து, காலை இழுக்க இழுக்க மேலும் இறங்கினான். அங்கே இறால் வலை போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் அவனைப் பின்பக்கமாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி, நீண்ட கழியைக் கொடுத்து, ஒவ்வொரு காலாக விடுவித்தார். செருப்புகள் இரண்டும் அங்கேயே தங்கிவிட்டன.

காலை உணவும் நடுப்பகலும்

ஒன்பதரை மணிக்கு ஏரியை விட்டுக் கிளம்பிச் சூலூர்பேட்டைக்குத் திரும்புங்கள். உப்புமா வைத்த பெசரட்டு (பாசிப்பயறு தோசை) இஞ்சிச் சட்னியோடு கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். பிறகு காளங்கிக் கரையிலுள்ள செங்காளம்மன் கோயிலுக்குப் போகலாம். இரவும் பகலும் கதவு சாத்தப்படாத சன்னிதி என்பது இந்தக் கோயிலின் சிறப்பு. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மக்கள் வந்து வேண்டிக்கொள்ளும் தெய்வம். ராக்கெட் ஏவுவதற்கு முன் விண்வெளி மையத்தின் உயர் அலுவலர்கள் இங்கே வந்து வழிபடுவதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள்.

மதியச் சாப்பாட்டில் பப்பு என்னும் பருப்பும், கோங்குரா என்னும் புளிச்சக்கீரைப் பச்சடியும் பொடியும் நெய்யும் வரும். பொடியை முதல் பிடிச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள். மீன் உண்பவர்கள் மாங்காய் போட்ட நெல்லூர் மீன் குழம்பைக் கேட்டு வாங்கலாம். குழந்தைகளுக்குக் காரம் தாங்காது என்பதால் தயிரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது நிழலில் ஓய்வெடுங்கள். இந்த இடைவெளியில் தடா அருவிக்குப் போய்வரலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். காட்டுப் பாதையில் பாறைகளைத் தாண்டி நடக்க வேண்டிய, ஆழமான குட்டைகள் உள்ள இடம் அது, விபத்துகள் நடந்திருக்கின்றன. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

படகுச் சவாரியைப் பற்றியும் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை ஒவ்வொருவருக்கும் இல்லாத படகில், அனுமதி பெறாத ஆள் ஓட்டும் படகில், எவ்வளவு அழைத்தாலும் ஏறாதீர்கள்.

மாலை: நேலப்பட்டு

மூன்றரை மணிக்கு நேலப்பட்டில் இருந்தால் போதும். கூடுகள் பார்வைக்கு அருகிலேயே இருப்பதால் கானல் இங்கே தொல்லை தராது. மேலும் இரை தேடிப் போன பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் நேரம் இதுதான். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் மட்டும் வரிசையைச் சற்று மாற்றி, காலை உணவு முடிந்ததும் நேராக இங்கே வந்துவிட்டு, மதியச் சாப்பாட்டோடு ஊர் திரும்பலாம்.

கரையில் நடக்கும்போதே மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருப்பதைக் காண்பீர்கள். எல்லாம் பறவைகளின் எச்சம். அது கலந்த ஏரிநீர் வயலுக்குப் பாய்வதால் பயிருக்கு உரமாகிறது என்பதை இங்குள்ள உழவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். பறவையைத் துன்புறுத்த ஊரார் விடமாட்டார்கள். பார்வைக் கோபுரத்தில் ஏறி, குஞ்சுகள் உள்ள ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்துக் காத்திருங்கள். சாம்பல் நிறக் கூழைக்கடா, பாய்மரம் இறங்குவதுபோல் சிறகை மடக்கி வந்து உட்கார்ந்ததும், வெண்பஞ்சு போன்ற குஞ்சுகள் கத்தியபடி மோதிக்கொண்டு வரும். தாய் அலகைத் திறக்க, ஒரு குஞ்சு தன் தலையையும் கழுத்தையும் தாயின் தொண்டைப்பைக்குள் முழுவதும் நுழைத்து, உள்ளே செரிமானத்துக்குப் பாதி தயாரான மீனைப் பிடுங்கித் தின்னும். முதன்முறை பார்க்கிறவர்கள் தாய் குஞ்சை விழுங்குகிறது என்று பதறிவிடுவார்கள். தாயின் மேல் அலகில் வரிசையாக இருக்கும் கரும்புள்ளிகளையும் அப்போது கவனியுங்கள். புள்ளி அலகுக் கூழைக்கடா என்ற பெயர் அதனால் வந்தது. தெலுங்கில் இதைக் கூடபாத்து என்பார்கள்.

நத்தைகுத்தி நாரையையும் தவறவிடாதீர்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க ஏற்ற அலகு அது. வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், இலைகளுக்குள் பதுங்கிக் கிடக்கும் வக்கா (இராக்கொக்கு) ஆகியவற்றையும் அதே மரங்களில் காணலாம். வக்கா மட்டும் மற்றவை அடங்கும் வேளையில்தான் இரைக்குப் புறப்படும்.

ஏரிச் சாலையைவிட இங்கே அமைதி இன்னும் முக்கியமானது. கூட்டிலிருந்து தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால், சில நிமிடங்களுக்குள் காக்கையும் பருந்தும் முட்டையைத் தூக்கிவிடும். கைப்பேசியை ஒலியடக்கி வையுங்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம். கோபுரத்தில் ஒரு குடும்பம் பார்த்து இறங்கிய பிறகு அடுத்தவர்கள் ஏறுங்கள்.

திரும்புதல்

ஐந்தரை மணிக்கு நேலப்பட்டை விட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் சூலூர்பேட்டையைத் தாண்டிவிடலாம். ரயிலில் போகிறவர்கள் முப்பது நிமிடம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு ஆட்டோவை நிலையத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். கடைசி வண்டியை நம்பி உட்காராமல் அதற்கு முந்திய வண்டியைப் பிடியுங்கள். காரில் போகிறவர்கள், நான்கு மணிக்கே எழுந்த ஓட்டுநர் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்து, தடாவிலோ ஆரம்பாக்கத்திலோ நிறுத்தி அவருக்குத் தேநீரும் கால்மணி நேர ஓய்வும் கொடுங்கள். காரனோடையிலிருந்து செங்குன்றம் வரை மாலை நேரத்தில் வண்டிகள் நெருங்கி ஊரும். வீடு சேர ஒன்பது மணி ஆகலாம் என்று முன்பே சொல்லி வைத்துவிட்டு, பின்னிருக்கையில் தூங்கும் பிள்ளைகளுக்கு இரவுக்கான இட்லியை ஆந்திர எல்லைக்குள்ளேயே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.